'இஃப்' (if) வந்தாலே 'வேர்' (were) போட வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல இங்கிலீஷ் பகுதியில, 'இஃப்'னு ஆரம்பிச்சா எப்பவும் 'வேர்'தான், 'வாஸ்' (was) போட்டா தப்புன்னு ஒரே வரியில முடிச்சிருந்தீங்க. அது பாதிதான் சரிங்க. இந்த பாதி ரூலை நம்பி நான் பல வருஷம் தப்பா எழுதியிருக்கேன், அதான் படிச்ச உடனே எழுதுறேன்.

'இஃப் ஐ வேர் யூ'னு சொல்றோம்ல, அங்க 'வேர்' வர்றதுக்கு காரணம் 'இஃப்' இல்ல, நான் நீயா ஆகவே முடியாது, இல்லாத ஒண்ணை இருக்கறதா நினைச்சு பேசுறோம், அதுதான் காரணம். ஆனா நிஜமா நடந்திருக்கக்கூடிய விஷயத்துக்கும் 'இஃப்' வரும். ஒரு தடவை மன்னிப்பு கேட்டு ஒருத்தருக்கு மெயில் போட்டேன், முந்தின நாள் கடுமையா பேசியிருந்தேன்னா மன்னிச்சிடுங்கன்னு அர்த்தம் வரணும், நான் 'இஃப் ஐ வேர் ரூட் (rude) எஸ்டர்டே'னு எழுதிட்டேன். அவங்க, அப்போ நீங்க கடுமையா பேசலன்னு சொல்ல வர்றீங்களான்னு திருப்பி கேட்டாங்க. 'இஃப் ஐ வாஸ் ரூட்'னு எழுதியிருக்கணும். ஒரு வார்த்தையில மன்னிப்போட அர்த்தமே மாறிடுச்சு, எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு.

இதை கண்டுபிடிக்க நம்ம தமிழே போதும்ங்க. 'நான் டாக்டரா இருந்தா', 'அவ டாக்டரா இருந்தா', 'நீங்க டாக்டரா இருந்தா', ஆள் மாறினாலும் 'இருந்தா' மாறல பாருங்க. அதுவும் இறந்தகால வடிவம், ஆனா பேசுறது இப்போதைய கற்பனையை. 'வேர்' செய்றதும் அச்சு அசலா அதேதான். 'நான் நேத்து கோவமா இருந்தேன்னா'னு வாய்ல வந்துச்சுன்னா அது 'வாஸ்'. 'ரெடியான்னு கேட்டாரு'ங்கறதுல 'இருந்தா'வே கிடையாது, அதனால 'ஹீ ஆஸ்க்ட் இஃப் ஐ வாஸ் ரெடி', இங்க 'வேர்' ஒட்டவே ஒட்டாது. நிறைய படிச்சவங்களே இங்கதான் சறுக்குறாங்க. (நேத்தே நடக்காம போனதை 'இருந்திருந்தா'னு சொல்றோம்ல, அதுக்கு ரெண்டுமே இல்ல, 'ஹேட் பீன்' (had been).)

'ஐ'க்கு பின்னாடி எப்படி 'வேர்' வரும்னு குழம்புறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அது பன்மை 'வேர்' இல்ல. பழைய இங்கிலீஷ்ல கற்பனைக்குன்னே வினைச்சொல்லுக்கு தனி வடிவம் இருந்துச்சு, மத்த வினையிலெல்லாம் அது சாதாரண இறந்தகாலத்தோட கலந்து போச்சு, 'இஃப் ஐ நியூ (knew)'ல வித்தியாசமே தெரியாது. இறந்தகாலத்துல 'பி' (be, 'இரு'ங்கற வினை) ஒண்ணுலதான் அது தனியா மிச்சம் இருக்கு.

இன்னொரு விஷயம், கற்பனையில 'இஃப் ஐ வாஸ்'னு சொல்றதை தப்புன்னு அடிக்கறதும் சரியில்ல. பேச்சுல பல நூறு வருஷமா இருக்கறதுதான், இங்கிலீஷை தாய்மொழியா பேசுறவங்களே தினமும் சொல்றாங்க. பரீட்சை, வேலை விண்ணப்பம் மாதிரி இடத்துல 'வேர்' போடுறது நல்லது, அவ்வளவுதான். 'இஃப்'ஐ எடுத்துட்டு 'வேர் ஐ இன் யுவர் ப்ளேஸ்'னு திருப்பி போட்டா மட்டும் 'வாஸ்' வரவே வராது.

பரீட்சைக்கு படிக்கற பிள்ளைங்க உங்க பகுதியை வெட்டி நோட்டுல ஒட்டி வச்சுக்குவாங்க. அடுத்த இதழ்ல தயவுசெஞ்சு இதுக்கு ஒரு திருத்தம் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி