நேர்த்திக்கு வளர்த்த முடி

களுவாஞ்சிகுடி

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்திருக்கிறது என்று அறிந்து ஆறுதலடைந்தேன். இங்கே எல்லோரும் சுகம். ஆனால் ஒரு மாதமாக எங்கள் வீட்டில் பேச்செல்லாம் தலைமுடியைப் பற்றியதாகவே இருந்தபடியால், மற்றச் செய்திகளைத் தள்ளிவைத்துவிட்டு அதையே எழுதுகிறேன்.

என் தங்கையின் மூத்த மகன் தரம் பத்தில் படிக்கிறான். சென்ற மாரியில் அவனுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டு, ஒரு கிழமை வைத்தியசாலையில் கிடந்தான். பிள்ளை எழும்பி நடந்தால் கதிர்காமத்தில் மொட்டை போடுவதாகத் தங்கை அப்போது நேர்ந்துகொண்டாள். நேர்ந்த முடியில் இடையில் கத்தி படக்கூடாது என்று நம் தாய்மார் எவ்வளவு கண்டிப்பாக இருப்பார்கள் என்பதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாமாங்கக் கோயிலுக்கு நேர்ந்து நீ முடி வளர்த்த வருடம் வகுப்பே உன்னைச் சடையன் என்று கூப்பிட்டதும், உன் அம்மா வகுப்பு வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னதோடு ஆசிரியர் பேசாமல் விட்டதும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இந்த முறை அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லை. தங்கையின் பிழை அது, அவளிடமே சொல்லிவிட்டேன். ஆடி நெருங்கும்போது பையனின் முடி சட்டைக் கொலரைத் தொட்டுவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை ஒழுக்காற்றுக்குப் பொறுப்பான ஆசிரியர் வாசலில் மாணவர்களை மறித்து, ஒன்பது பேரை வரிசையில் நிறுத்தி, அலுவலகத்தில் கடதாசி வெட்டும் கத்தரிக்கோலால் ஒவ்வொருவர் தலையிலும் ஓரிடத்தில் வெட்டிவிட்டார். மருமகனுக்கு இடது காதுக்கு மேலே, மூன்று விரல் அகலத்தில், எலி கொறித்தது போல ஒரு பள்ளம். மற்ற எட்டுப் பேரும் அன்று மாலையே சலூனுக்குப் போய்ச் சமப்படுத்திக்கொண்டார்கள். இவனுக்கு அதுவும் முடியாது. சமப்படுத்துவதென்றால் நேர்த்தி முடியில் மறுபடியும் கத்தி வைக்க வேண்டும். கதிர்காமத்துக்குப் புறப்படும் வரை பதினொரு நாள் வீட்டுக்குள்ளேயே தொப்பியோடு இருந்தான், சாப்பிடும்போதுகூட அதைக் கழற்றவில்லை. தவணைப் பரீட்சையில் இரண்டு பாடங்கள் போயின.

கட்டாரில் இருக்கும் மைத்துனர் அந்தத் தலையின் படத்தை வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். இரவாவதற்குள் கல்முனையிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் எனக்கு அழைப்புகள் வந்தன. ஆசிரியரை இடமாற்ற வேண்டும் என்றது ஒரு கூட்டம். நம்மை அடித்து வளர்த்தபடியால்தானே ஆளானோம் என்றது பழைய மாணவர் கூட்டம். இந்த இரண்டாவது பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடி வாங்கிப் படிப்பை விட்டுப் போனவர்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு வருவதில்லையே!

நான் தங்கையையும் கூட்டிக்கொண்டு அதிபரைப் போய்ப் பார்த்தேன். "முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே" என்றார் அவர். "முருகனுக்கு வைத்த முடிக்கு வேறு யாரிடம் அனுமதி கேட்பது?" என்றாள் தங்கை. அந்த ஆசிரியரும் வந்திருந்தார். கெட்ட மனிதர் அல்லர். பக்கத்தை ஒட்ட மழித்து உச்சியைக் காடாக விட்டுக்கொண்டும், புருவத்தில் கோடு இழுத்துக்கொண்டும் வருகிறவர்களைக் கண்டிக்கவில்லையென்று மற்றப் பெற்றோர் தன்னையே குறை சொல்வதாக வருந்தினார். இதே இழுபறி காத்தான்குடியிலும் உண்டு என்று அங்கே கற்பிக்கும் நண்பர் ஒருவர் சொன்னார். தலையில் ஒரு பகுதியை மழித்து மறுபகுதியை விடுவதை நபிமொழி தடுக்கிறபடியால், அங்கே மார்க்கமே பாடசாலையின் பக்கம் நிற்கிறது; நம் வீட்டிலோ சாமி பையனின் பக்கம்.

விதி இருக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாடசாலையின் விதி, முடி ஒழுங்கான முறையில் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற ஒற்றை வரிதான். ஒழுங்கு எது என்பதை வாசலில் நிற்பவரின் அன்றைய மனநிலைதான் தீர்மானிக்கிறது. அதற்கு மேல் கத்தரிக்கோல் வேறு. உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 ஆம் இலக்கச் சுற்றறிக்கை இருக்கிறது. ஆசிரியர் அறைந்து செவி பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், கொடூரமாகவோ இழிவாகவோ யாரையும் நடத்தக்கூடாது என்னும் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக 2021 இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. முடியை வெட்டுவதும் அடியும் ஒன்றா என்று அதிபர் கேட்டார். பதினொரு நாள் தொப்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

மைத்துனர் வழக்குப் போடச் சொன்னார். அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும், மட்டக்களப்பிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம் என்பதையும் விளக்கினேன். தங்கை எதற்கும் சம்மதிக்கவில்லை. பையன் இன்னும் ஒரு வருடம் அதே வாசலால் போய்வர வேண்டும் என்றாள். ஜப்பானில் ஒசாக்கா வழக்கில், கபில நிற முடியைக் கறுப்பாக்கச் சொல்லி நெருக்கப்பட்ட மாணவிக்கு 2021 இல் மூன்று இலட்சத்து முப்பதாயிரம் யென் நட்டஈடு கிடைத்தது. அப்போதும் நீதிமன்றம் பாடசாலையின் விதியைப் பிழை என்று சொல்லவில்லை. அவள் வராமல் நின்ற பிறகு அவளுடைய மேசையையும் பெயரையும் வகுப்பிலிருந்து அகற்றியதைத்தான் பிழை என்றது. என் மனதில் இருந்ததும் ஏறக்குறைய அதுவே. லண்டனில் உங்கள் ஹாரோப் பக்கத்தில் 2011 இல் நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது என்பது உனக்குத் தெரிந்திருக்கும்: பின்னல் முடியோடு வந்த கறுப்பினப் பையனைப் பாடசாலை திருப்பி அனுப்பியதை, குடும்ப வழக்கத்தைக் கணக்கில் எடுக்காத மறைமுக இனப் பாகுபாடு என்றது.

கடைசியில், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் விதியைத் திருத்தி எழுதுவதென்றும், கத்தரிக்கோலைத் தொடாமல் பெற்றோருக்கு ஒரு கிழமை தவணை கொடுப்பதென்றும், நேர்த்திக்கு ஒரு கடிதம் போதும் என்றும் முடிவாயிற்று. வரைவை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சந்தைக்குப் பக்கத்துச் சலூன்காரரிடம் போய் உட்கார்ந்து அளவு கேட்டேன். மெஷினில் மாட்டும் சீப்புகளை மேசையில் பரப்பி, "இரண்டாம் நம்பர் ஆறு மில்லிமீற்றர், நாலாம் நம்பர் பதின்மூன்று, பக்கத்துக்கு இரண்டு, உச்சிக்கு நாலு என்று எழுதுங்கள், ஒரு பிள்ளையும் தர்க்கம் பண்ணாது" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

மருமகன் உகந்தையிலிருந்து காட்டுவழியே அம்மம்மாவோடு நடந்துபோய், கதிர்காமத்தில் மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வந்து சேர்ந்தான். பள்ளம் இருந்த இடம் இப்போது தெரியவில்லை. பெண் பிள்ளைகளின் இரட்டைப் பின்னல் பற்றி என் வரைவில் இன்னும் ஒரு வரியும் இல்லை. தங்கை அதைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறாள். உன் பேத்தியின் பாடசாலையில் முடி பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று படம் எடுத்து அனுப்பு. கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை, அதற்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

உன்னோடு ஒரே வாங்கில் இருந்தவன்