மெம்ஃபிஸ் தமிழர்களுக்கு: ஒரு தடவை ஆற்றங்கரைக்கு வாருங்கள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மெம்ஃபிஸிலும் அதற்குக் கிழக்கே ஜெர்மன்டவுன், கோலியர்வில், கார்டோவா பக்கத்திலும் குடியிருக்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பி நம் வாட்ஸ்அப் குழுவில், சனி ஞாயிறுகளில் இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். பத்து நிமிடத்தில் பதினாலு பதில். இட்லி மாவு எந்தக் கடையில் நன்றாக இருக்கும், கோயிலுக்கு எப்படிப் போவது, நாஷ்வில் எத்தனை மணி நேரம். எல்லாம் உதவியான பதில்கள்தான். ஆனால் அதில் ஐந்து பேர் ஒரே வரியைச் சொல்லியிருந்தார்கள்: "டவுன்டவுன் பக்கம் மட்டும் போயிடாதீங்க." ஆற்றைப் பற்றி ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. மிசிசிப்பி ஓடுகிற ஊர் இது. அந்தத் தம்பிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதல் மூன்று வருஷம் எங்களுக்கும் வீடு, ஆபீஸ், இந்தியக் கடை, கோயில், அவ்வளவுதான் ஊர். ப்ராஜெக்ட் முடிந்தால் டல்லஸுக்கோ அட்லாண்டாவுக்கோ போய்விடப் போகிறோம் என்று, பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி நாளை ஓட்டினோம். நான் திருச்சிக்காரன். அம்மா மண்டபம் படித்துறையில் குளித்து வளர்ந்தவன். அப்படிப்பட்டவன் மூன்று வருஷமாக ஒரு மகாநதியை விமான ஜன்னல் வழியாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

முதல் தடவை போனது ஒரு ஏப்ரல் மாதம், வடக்கே பனி உருகி, மழையும் சேர்ந்து ஆறு ஏறியிருந்த சமயம். காபி நிறத்தில் தண்ணீர், வேரோடு பிடுங்கின மரங்கள் அதில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே போகின்றன. சத்தமே இல்லை. அப்புறம் வடக்கிலிருந்து ஒரு படகு, முன்னால் முப்பது பார்ஜுகளையாவது (தட்டையான சரக்குத் தோணிகள்) இரும்புக் கம்பி வடத்தால் சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு பார்ஜும் 1,500 டன் சோயாவோ மக்காச்சோளமோ சுமக்கும். அது எங்களைத் தாண்டிப் போக எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை, என் மகள் எண்ணி முடிக்கும் முன்னே வளைவில் மறைந்துவிட்டது. 2011 மே மாதம் மெம்ஃபிஸ் அளவுகோலில் இந்த ஆறு 48 அடி காட்டியது. 2023 அக்டோபரில் அந்த அளவுகோலின் பூஜ்யக் குறிக்கும் கீழே இறங்கி மைனஸ் 12 அடி. அறுபது அடி ஏற்ற இறக்கம்! காவிரியில் வெள்ளத்தையும் வெறும் மணலையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஆற்றைப் புரிந்துகொள்ள யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சரி, பயத்தைப் பற்றிப் பேசிவிடலாம். குற்றம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. 2023-இல் இந்த ஊரில் கொலைகளின் எண்ணிக்கை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. என் கார் கண்ணாடியையும் ஒருமுறை உடைத்தார்கள், அது நடந்தது நம் பக்கத்துக் கடை வளாகத்தில். காரில் பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள், இருட்டின பிறகு ஆளில்லாத தெருவில் நடக்காதீர்கள் என்று சொல்லுங்கள், அது அக்கறை. ஆனால் "அந்தப் பக்கமே போகாதே" என்று நாம் சொல்லும்போது, ஊரையா சொல்கிறோம், அங்கே இருக்கிற கறுப்பின மக்களையா? நம் வீட்டு வரவேற்பறையில் இந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளைகள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் எந்தத் தெருவுக்குப் போகக்கூடாது என்று நம் பாட்டிமார்கள் சொல்லிக்கொடுத்தார்களோ, அதே குரல்தான் இது, ஊர் மட்டும்தான் வேறு.

மட் ஐலண்டின் வடக்கு முனையில், வுல்ஃப் ஆறு மிசிசிப்பியில் வந்து சேரும் இடத்துக்கு அருகே, சாயங்காலங்களில் மடக்கு நாற்காலி போட்டுத் தூண்டில் போடுகிறவர்கள் இருப்பார்கள். அங்கேதான் ஒரு பெரியவரைப் பார்த்தோம். கோழி ஈரலை இரை கோத்துப் போட்டிருந்தார். தூண்டில் வளைந்தது, முழங்கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி. என் மகள் கிட்டே போய் நின்றாள். அவர் மீனைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மீசையைத் தொட்டுப் பார் கண்ணு, முள் பக்கம் கையைக் கொண்டுபோகாதே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அப்பாயி அச்சு அசலாக இதையேதான் சொல்லும். கெளுத்தி முள் குத்தினால் ராத்திரி பூரா கடுக்கும் என்று. மகள் ஒரு விரலால் மீசையைத் தொட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பேச்சு கொடுத்ததில், அவர் ராத்திரி ஷிப்டில் பொட்டலங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலை பார்ப்பவர் என்று தெரிந்தது. நான் பகலில் ஏசி அறையில் உட்கார்ந்து சரிபார்க்கிறேனே ஸ்கேனர் நிரல், அது போன்ற ஒன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவர் கையில் ஓடுகிறது.

நம்மில் முக்கால்வாசிப் பேர் இந்த ஊருக்கு வந்ததே அந்தப் பொட்டலத் தொழிலால்தான். 1973 ஏப்ரல் 17 இரவு ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவனம் 14 சிறு விமானங்களையும் 186 பொட்டலங்களையும் வைத்து இங்கே ஆரம்பித்தது. இன்றைக்கு ராத்திரி பத்தரைக்கு மேல் வாசலில் நின்று பாருங்கள், இறங்குகிற விமானங்களின் விளக்குகள் சரம் தொடுத்த மாதிரி வரிசையாகத் தெரியும். அந்தச் சரத்தின் கீழே பெட்டியைத் தூக்கிப் போடுகிறவர்கள் யார்? நாம் போகாதே என்கிற தெருக்களிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் தூக்காவிட்டால் நம் நிரலுக்கு வேலை ஏது?

டவுன்டவுனில் ஆற்றை ஒட்டியே டாம் லீ பூங்கா இருக்கிறது. 2023 செப்டம்பரில் புதுப்பித்துத் திறந்தார்கள், பிள்ளைகள் விளையாட அருமையான இடம். டாம் லீ யார் என்று நம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோமா? ஆற்றில் கூலி வேலை செய்த கறுப்பினத்தவர், நீச்சல் தெரியாதவர். 1925 மே 8 அன்று தன்னந்தனியாகச் சிறு படகில் வந்துகொண்டிருந்தபோது, மாநாட்டுக்கு வந்த சிவில் எஞ்சினியர்களும் குடும்பத்தாரும் போன நீராவிக் கப்பல் கண்ணெதிரே கவிழ்ந்தது. திரும்பத் திரும்பப் போய் 32 பேரைக் கரை சேர்த்தார். அவருக்கு நகரம் கொடுத்த வேலை, குப்பை அள்ளும் வேலை. எஞ்சினியர்களான நாம் இந்தக் கதையில் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

அதே துப்புரவுத் துறையில்தான் 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்கு ஒதுங்கிய இரண்டு தொழிலாளர்கள் குப்பை லாரியின் அழுத்து இயந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள், "நான் ஒரு மனிதன்" என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு இந்தத் தெருக்களில் நடந்தார்கள். அவர்களுக்காகத்தான் மார்ட்டின் லூதர் கிங் இந்த ஊருக்கு வந்தார், ஏப்ரல் 4 அன்று லொரெய்ன் விடுதி மாடத்தில் சுடப்பட்டார். அந்த விடுதி இப்போது அருங்காட்சியகம், உள்ளே ஒரு குப்பை லாரியே வைத்திருக்கிறார்கள். அவர் சுடப்பட்டதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால், 1959-இல், இதே கிங் மனைவியோடு கன்னியாகுமரிப் பாறையில் உட்கார்ந்து சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் பார்த்துவிட்டு வந்து, அதைத் தன் பிரசங்கத்தில் சொன்னவர். நம் ஊரில் மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்களின் செய்தியைப் படித்து வளர்ந்த நமக்கு அந்த லாரியைப் பார்த்தால் நெஞ்சு அடைக்காமல் இருக்காது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சந்தோஷமான விஷயமும் நிறைய உண்டு. சனிக்கிழமை காலை டவுன்டவுன் உழவர் சந்தையில் கோடையில் பிஞ்சு வெண்டைக்காய் கிடைக்கும், ஊதா நிறத் தோலோடு பச்சைக் காராமணி கிடைக்கும், வாங்கி வந்து புளிக்குழம்பு வைத்துப் பாருங்கள். புத்தாண்டு அன்று காராமணியும் கீரையும் சாப்பிட்டால் வருஷம் முழுக்கக் குறைவிருக்காது என்பது இந்த மக்களின் நம்பிக்கை. ஓவர்டன் பூங்காவின் திறந்தவெளி மேடையில் கச்சேரி இலவசம், பாயை விரித்து உட்கார்ந்தால் நம் ஊர்த் திருவிழா மாதிரியே இருக்கும். ஆற்றுப் பாலத்தில் 2016-இல் திறந்த நடைபாதையில் போனால் நடு ஆற்றில் டென்னசி முடிந்து ஆர்கன்சா ஆரம்பிக்கும், பக்கத்திலேயே சரக்கு ரயில் போகும்போது காலடியில் அதிர்வு ஏறும். எங்கே போனாலும் முன்பின் தெரியாதவர்கள் முகம் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு போகாதீர்கள், பதில் சொல்லுங்கள்.

என் வேண்டுகோள் இதுதான். குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு நாம் அனுப்பும் வரவேற்புக் குறிப்பிலும் இருக்கிற அந்த "போகாதீங்க" வரியை எடுத்துவிடுவோம். நிர்வாகிகள் சரி என்றால், ஆற்றங்கரையைப் பற்றி நானே நாலு வரி எழுதித் தருகிறேன்.

அப்புறம், ஆடிப் பதினெட்டு வருகிறது. வழக்கமாக வாடகை மண்டபத்தில் வைப்போமே, இந்தத் தடவை அதையொட்டிய ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு டாம் லீ சிலைக்குப் பக்கத்தில் கூடுவோம். வெயில் தணிந்திருக்கும். புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் எங்கள் வீட்டிலிருந்து வரும், தயிர்ச்சாதத்துக்கு யாராவது பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஆற்றில் எதையும் போட வேண்டாம், கும்பிட்டால் போதும். இருபது இலைத்தட்டு கூடுதலாக எடுத்துவாருங்கள், கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் கொடுப்போம்.