வேங்கைக் கால் மேசை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

சின்ன அறையில் வைத்துப் பொம்மை செதுக்க மடக்கு மேசை ஒன்று பார்த்திருப்பதாகப் போனில் சொன்னாய். அதை வாங்காதே. எழுத, துணி மடிக்க அது போதும். உளி மேல் கொட்டாப்புளி, அதுதான் மரச்சுத்தி, விழும்போது மேசை ஆடினால் அடி வீணாகும், உளியும் வழுக்கும். வழுக்கிய உளி கையில்தான் இறங்கும். அதனால் நானே வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

தொழுவத்தைப் பிரித்தபோது எடுத்து வைத்த வேங்கைத் தூண்கள் நினைவிருக்கிறதா? செங்கோட்டையில் ஒரு அறுவை மில்லில் கொடுத்து 3 அங்குலச் சதுரக் கால்களாக அறுத்து வந்தேன். ஒரு தூணில் கன்றுக்குட்டி கட்டிய கயிறு தேய்த்த தடம் இருந்தது. அந்தப் பக்கம் மட்டும் வாள் படாமல் விடச் சொல்லிவிட்டேன். நீ சின்னப் பிள்ளையில் விரல் வைத்துத் தடவிக்கொண்டிருப்பாயே, அதே தடம். உனக்கு நெற்றியில் வைத்த சாந்துகூட வேங்கைப் பாலில் காய்ச்சியதுதான்.

பக்கச் சட்டம் இரண்டையும், காலில் துளை போட்டு, சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி அதில் இறக்கி, பசை வைத்து முடித்துவிட்டேன். முன்னும் பின்னும் வருகிற நீளச் சட்டங்கள் நான்கையும் நீ போல்ட் போட்டு முறுக்கினால் போதும். வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம். நான் முதலில் செய்த மேசைக்கு ஆணி மட்டும் அடித்தேன், மேல் பலகையைத் தடிமனாகப் போட்டேன். ஒரு வருடத்தில் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்துவது குறுக்குச் சட்டத்தின் அகலம் என்று அப்புறம்தான் புரிந்தது. உன்னுடையதற்கு மேலேயும் கீழேயும் 4 அங்குல அகலச் சட்டம் வைத்திருக்கிறேன். பூட்டும்போது மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார். இரண்டு அளவும் ஒன்றாக வந்தால்தான் சதுரம். அதன் பிறகே கடைசி முறுக்கு. மழைக்காலம் முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை மறுபடி முறுக்கு, மரம் காய்ந்து சுருங்கியிருக்கும்.

மேல் பலகையை அங்கேயே வாங்கு. 18 மில்லிமீட்டர் பிளைவுட், 8க்கு 4 அடி, ஒரு ஷீட். கடையிலேயே 5க்கு 2 அடியாக இரண்டு துண்டு அறுத்துத் தரச் சொல். ஒன்றின் மேல் ஒன்று பசை தடவி ஸ்க்ரூ போட்டால் கல் மாதிரி நிற்கும். மிச்சத் துண்டில் கீழ்த்தட்டு வரும். கனமான சாமான்களை எல்லாம் அதில் அடுக்கு, அந்த எடையே மேசையை அழுத்திப் பிடிக்கும். சக்கரம் மட்டும் வேண்டாம். வேலை இல்லாதபோது மேலே போர்வை விரித்துத் துணி இஸ்திரி போடலாம், குட்டி வீட்டுப்பாடம் எழுத உயரமான ஸ்டூல் ஒன்று போதும்.

உயரம் 36 அங்குலம். பொங்கலுக்கு வந்தபோது அடுப்படி மேடை தாழ்வாக இருக்கிறது, முதுகு வலிக்கிறது என்றாயே, அதை வைத்துக் கணக்குப் போட்டேன். உன் முழங்கைக்கு நாலு விரல் கீழே வரும். வேங்கை ஈரம் பட்டால் சாயம் இறங்கும், டைல்ஸ் கறையாகிவிடும். காலடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறேன், தரை துடைக்கும்போது பார்த்துக்கொள்.

இன்னொன்று. நம் வீட்டு மேசையில் மரத்தை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் இடது மூலையில் இருக்கும். இடதுகைக்காரியான நீ அதில் எப்போதும் உடம்பை முறுக்கிக்கொண்டுதான் அறுப்பாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், மாற்றித் தரத் தோன்றவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அது மனதை உறுத்துகிறது. இந்த மேசையில் வைஸுக்கான துளைகளை வலது மூலையில், காலுக்கு நேர் மேலே வருகிற சட்டத்தில் போட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை பார்சல் லாரியில் ஏற்றுகிறேன். நல்ல கனம், தனியாகத் தூக்காதே. மாப்பிள்ளை வீட்டில் இருக்கிற நாளில் எடுத்து வாருங்கள். போல்ட், வாஷர், ஸ்பேனர் எல்லாம் மஞ்சள் பையில் கட்டி, கயிற்றுத் தடம் இருக்கிற காலோடு சேர்த்துச் சுற்றியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா