எட்டு பார் லூப் அனுப்பிய டிஜே தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய எட்டு பார் லூப்பை, திரும்பத் திரும்ப ஓடும் அந்தச் சின்ன இசைத்துண்டைக் கேட்டேன் (ஒரு பார் என்பது நான்கு அடி). கிக், அந்தக் கனத்த டிரம் அடி, நன்றாக இருக்கிறது. ஹை-ஹாட் சிம்பலில் ஒரு துள்ளல் இருக்கிறது. இரண்டே சுரக்கூட்டில் ஓடும் அந்த சிந்த் (சிந்தசைஸர்) வரி காதை விட்டுப் போகவில்லை. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: "அண்ணா, இதை முழு டிராக் ஆக்க எந்த சிந்த் வாங்கணும்?"

எதுவும் வாங்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் நீ உண்மையில் கேட்க வந்தது வேறு. இத்தனை காலம் அடுத்தவர் ரெக்கார்டுகளைப் போட்டு ஆட வைத்தவன், ஹவுஸ், டெக்னோ என்ற இரண்டு கிளப் நடன இசைகளையும் தானே செய்ய எந்த முனையிலிருந்து பிடிப்பது என்பதுதான் அது. உன் கன்சோலுக்குப் பக்கத்தில் நின்று சவுண்டு பார்க்கிறவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உன்னைப் போல வேறு சிலரும் இதையே கேட்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை, கவலைப்படாதே.

சிகாகோவில் 1984-இல் வந்த 'ஆன் அண்ட் ஆன்' என்ற ரெக்கார்டைத்தான் முதல் ஹவுஸ் ரெக்கார்டு என்று பலர் சொல்வார்கள். அதைச் செய்த ஜெஸ்ஸி சாண்டர்ஸ் ஒரு டிஜே. தன் செட்டின் அடையாளமாக அவர் வைத்திருந்த ஒரு ரெக்கார்டு திருட்டுப் போய்விட்டது. அது இல்லாமல் இரவு நிறையவில்லை. அதனால் வின்ஸ் லாரன்ஸோடு சேர்ந்து, டிரம் மெஷினையும் சிந்தையும் வைத்து, அதற்கு ஈடான ஒன்றைத் தானே செய்துகொண்டார். உலகத்துக்கு ஒரு புது இசையைக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்து செய்த வேலை இல்லை அது. பையில் ஒரு ரெக்கார்டு குறைந்தது, அதைச் செய்தார்.

ஃபிராங்கி நக்கிள்ஸ் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1977-இலிருந்து சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் ரெக்கார்டு போட்ட டிஜே அவர். 1979 வாக்கில் அமெரிக்காவில் டிஸ்கோ மீது வெறுப்பு கிளம்பியது. பெரிய கம்பெனிகள் அந்த மாதிரிப் பாட்டுகளைக் குறைத்துக்கொண்டன. புதுச் சரக்கு வருவது நின்றதும் அவர் பழைய பாட்டுகளை ரீல் டேப்பில் வெட்டி ஒட்டி, ஆட்டத்துக்கு வேண்டிய இடங்களை மட்டும் நீட்டினார். பிறகு டெட்ராய்ட்டின் டெரிக் மேயிடமிருந்து ஒரு டி.ஆர்-909 டிரம் மெஷினை வாங்கி, ரெக்கார்டுகளுக்கு அடியில் அதன் கிக்கையும் ஓடவிட்டார். வெட்டி ஒட்டுவது, அப்புறம் அடியில் ஒரு தாளம் சேர்ப்பது, கடைசியில் மேலே இருக்கும் பாட்டையே எடுத்துவிட்டுத் தன் இசையை வைப்பது. டிஜேக்கள் தயாரிப்புக்குள் வந்த வழி பெரும்பாலும் இதுதான். எல்லோருக்கும் இல்லை, உண்மைதான். அதே சிகாகோவில் ஹவுஸ் செய்த லாரி ஹெர்ட் டிரம்மராக இருந்து வந்தவர், அவருடைய இசையில் இருக்கும் மென்மைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நீ டிரம்மர் இல்லை. உன் கையில் இருப்பது ஒரு கிளப்பும் அங்கே உனக்குக் கிடைக்கும் நேரமும்தான்.

அதனால் 'ஒரு டிராக் செய்யணும்' என்று உட்காராதே. உன் செட்டில் எது இல்லையோ அதைச் செய். என்ன இல்லை என்று நான் சொல்லட்டுமா? நீ 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 அடி) இதமான ஹவுஸோடு ஆரம்பிக்கிறாய், நள்ளிரவில் 132-இல் டெக்னோ போடுகிறாய், இரண்டும் உன் பலம். நடுவில் ஒரு அரை மணி நேரம் தடுமாறுகிறாய். 125, 126-இல், குரல் இல்லாமல், ஹவுஸின் துள்ளலும் டெக்னோவின் பிடிவாதமும் சேர்ந்த ரெக்கார்டு உன்னிடம் இரண்டோ மூன்றோதான் இருக்கின்றன. அவற்றையே ஒவ்வொரு வாரமும் போடுகிறாய், பிட்சை, அதாவது வேகத்தை, ஏற்றி ஏற்றிச் சமாளிக்கிறாய். நீ அனுப்பிய லூப் அந்த இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. உனக்கே அது தெரியாமல் செய்திருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

சரி, எட்டு பாரை எப்படி ஆறு நிமிடம் ஆக்குவது? ஸ்டுடியோவில் மட்டும் வளர்ந்தவனுக்கு இது பெரிய சுவர். உனக்கு இல்லை. கணக்குச் சுலபமாக 128 பிபிஎம் என்று வைத்துக்கொள், 32 பார் என்பது சரியாக 60 விநாடி. ஆறு நிமிடம் என்றால் 192 பார். எந்த 16-ஆவது பாரில் கிளாப் (கைதட்டல் ஒலி) நுழைய வேண்டும், எங்கே பேஸை எடுத்தால் ஆட்கள் தலையைத் தூக்குவார்கள் என்பதெல்லாம் உன் விரலுக்குத் தெரியும். ஒவ்வொரு இரவும் ஈக்யூவை (கீழ், நடு, மேல் சத்தங்களைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களை) திருகி அதைத்தானே செய்கிறாய். எனவே லூப்பை 192 பாருக்கும் அப்படியே நகல் எடுத்துப் போடு. பிறகு அழிக்க ஆரம்பி. முதல் 32 பாரில் கிக்கும் ஹை-ஹாட்டும் மட்டும் இருக்கட்டும். கடைசி 32-இலும் அப்படியே. நடுவில் எங்கே எது வேண்டாமோ அதை எடு. சேர்ப்பதைவிட அழிப்பது உனக்குச் சுலபமாக வரும்.

இங்கே ஒரு விஷயத்தில் உன் காது உன்னை ஏமாற்றும். நீ ஒரு ரெக்கார்டைத் தனியாகக் கேட்பதே குறைவு, எப்போதும் இன்னொன்றோடு சேர்த்தே கேட்கிறாய். உன் லூப் தனியாக ஓடும்போது 'காலியாக இருக்கிறதே' என்று தோன்றும். உடனே ஒரு சிந்த், இன்னொரு பெர்கஷன், ஒரு குரல் துண்டு என்று அடைப்பாய். அடைத்ததை இன்னொரு ரெக்கார்டோடு மிக்ஸ் பண்ணிப் பார், இரண்டும் சண்டை போடும். டிஜேக்கென்று செய்யும் டிராக் கொஞ்சம் குறையாகத்தான் இருக்க வேண்டும், அந்தக் குறையை நிரப்ப அடுத்த ரெக்கார்டு வரும். சந்தேகம் வந்தால் உன் கண்ட்ரோலரில் அதை ஏற்றி, நீ எப்போதும் போடும் ஒன்றோடு மிக்ஸ் பண்ணியே சோதி.

ஹை-ஹாட்டில் துள்ளல் இருக்கிறது என்றேன். அது எங்கிருந்து வருகிறது என்று ப்ராஜெக்ட்டைத் திறந்து பார்த்தேன். ஸ்விங் 54 சதவீதம் வைத்திருக்கிறாய். அதே 128 பிபிஎம்மில் ஒரு பதினாறாவது சுரம் (ஒரு அடியில் கால் பங்கு) சுமார் 117 மில்லிசெகண்ட். 54 சதவீதத்தில் ஒன்று விட்டு ஒரு சுரம் ஏறக்குறைய 9 மில்லிசெகண்ட் தாமதமாக விழும். இவ்வளவு சின்ன விஷயம் சாதாரண ஆளுக்குப் பெரும்பாலும் தனியாகப் பிடிபடாது, உடம்பு மட்டும் உணரும். ஆனால் நீ கையால் பீட்மேட்ச் பண்ணி, இரண்டு ரெக்கார்டின் அடிகளை ஒன்றாக ஓட்டிப் பழகியவன். இரண்டு கிக் இம்மியளவு விலகினாலே உன் முகம் சுளிக்கும். பல டியூட்டோரியல்கள் 'க்ரூவ்' என்று சுற்றிச் சுற்றிப் பேசுவது இதைத்தான், உனக்கு அது முன்பே கைவந்துவிட்டது. இனி கிளாப்பை மட்டும் இரண்டு மூன்று மில்லிசெகண்ட் முன்னால் தள்ளிப் பார், இடுப்பில் வித்தியாசம் தெரியும்.

இனி கீழ்ச் சத்தம். இதைத்தான் நீ வீட்டில் கற்றுக்கொள்ள முடியாது, நானும் எழுதிப் புரியவைப்பது கஷ்டம், இருந்தாலும் முயல்கிறேன். உன் கிக்கின் அடிநாதம் 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அந்த ஒலியலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். உன் அறை மூன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள். அலையின் பாதி அதில் அப்படியே பொருந்திவிடும், அதனால் அறையின் நடுவில் உட்கார்ந்தால் 50 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமல் போகும். சுவர் ஓரம் போனால் கும்மென்று கேட்கும். நடுவில் உட்கார்ந்து 'பேஸ் பத்தவில்லையே' என்று நீ ஏற்றுவாய். அதே ஃபைலை கிளப் சப்-ஊஃபரில் போட்டால் கண்ணாடி டம்ளர்கள் நடுங்கும், மற்றது எதுவும் கேட்காது. அஞ்சு இஞ்ச் மானிட்டர் ஸ்பீக்கரால் அந்த இடத்தைச் சரியாகக் காட்டவும் முடியாது. ஒன்று செய். உன் பையில் உள்ளதில் கிளப்பில் மிக நன்றாக ஒலிக்கும் மூன்று ரெக்கார்டுகளை ப்ராஜெக்ட்டுக்குள் இழுத்துப் போடு, அவை ஏற்கெனவே மாஸ்டரிங் ஆனவை (வெளியீட்டுக்காகச் சத்தம் ஏற்றிச் சரிசெய்தவை) என்பதால் சத்தத்தைக் குறைத்து உன்னுடையதுக்குச் சமமாக வை, பிறகு கிக்குக்கும் பேஸுக்கும் உள்ள விகிதத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கேள். அறை பொய் சொன்னாலும் எல்லாவற்றுக்கும் ஒரே பொய்யைத்தான் சொல்லும்.

கிக்கும் பேஸும் மோதுகின்றன என்று உடனே சைட்செயின் கம்ப்ரஸர் (கிக் விழும்போதெல்லாம் பேஸைத் தானாகக் குறைப்பது) போட்டிருக்கிறாய். தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால், பேஸ் சுரங்களைக் கிக் விழாத இடங்களுக்கு நகர்த்திப் பார்த்தாயா? பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அப்புறம் அந்த சிந்த் வரி. ஹெட்ஃபோனில் இடமும் வலமுமாக விரிந்து அழகாக இருக்கிறது. பல கிளப் சிஸ்டம்கள் இடம் வலம் பிரிக்காமல் மோனோவில் ஓடுகின்றன, நம்முடையதும் அப்படித்தான். மோனோவில் உன் சிந்த் பாதிக்கு மேல் கரைந்து போகிறது. மாஸ்டரில் மோனோ பொத்தானை அழுத்திக் கேட்கும் பழக்கத்தை இப்போதே பிடி. உச்ச சத்தத்தை அமுக்கும் லிமிட்டரைக் கழற்று, உச்சம் மைனஸ் 6 டிபி பக்கம் நிற்கட்டும். சத்தம் குறைவாக இருந்தால் மிக்ஸரில் கெயின் குமிழ் எதற்கு இருக்கிறது?

கருவி ஆசையைப் பற்றி ஒரு வார்த்தை. 909-ஐ ரோலண்ட் கம்பெனி 1983-இல் கொண்டு வந்தது, அதிக காலம் ஓடவில்லை. நிஜ டிரம் மாதிரி இல்லை என்று பலர் ஒதுக்கினார்கள். செகண்ட்-ஹேண்டில் மலிவு விலைக்கு வந்த பிறகுதான் சிகாகோ, டெட்ராய்ட் பையன்கள் கையில் சிக்கியது. பேஸ் கிட்டாருக்கு மாற்றாக வந்து தோற்ற ரோலண்டின் 303 பேஸ் சிந்தின் கதையும் அதுதான். அன்றைக்கு மலிவாகக் கிடைத்ததை வைத்துச் செய்த இசை இது. இன்றைக்கு அந்தப் பெட்டிகளின் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். 909-இன் ஹை-ஹாட்டும் சிம்பலும் அந்தக் காலத்திலேயே 6-பிட் சாம்பிள்கள் (பதிவு செய்த ஒலித்துண்டுகள்)தான், அவற்றின் சாம்பிளை நீ பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. உன் லேப்டாப்பில் இருக்கும் ஏபிள்டன் லைவ் மென்பொருள், பெர்லினில் டெக்னோ செய்துகொண்டிருந்த ராபர்ட் ஹென்கே, கெர்ஹார்ட் பேலஸ் போன்றவர்கள் தங்கள் தேவைக்காக யோசித்ததிலிருந்து பிறந்தது. இன்றைக்கு மலிவாகக் கிடைப்பது அது, அதுவே போதும்.

டிராக் முடிந்ததும் அதை நள்ளிரவு உச்சத்தில் போடாதே. அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் கத்துவார்கள், உனக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தடுமாறும் அரை மணி நேரத்தில், ஆட்களுக்குப் பழகிய இரண்டு ரெக்கார்டுகளுக்கு நடுவில் போடு. யாரிடமும் சொல்லாதே, பக்கத்தில் நிற்கும் நண்பனிடம்கூட. கைதட்டலைப் பார்க்காதே. மதுக் கவுண்டர் பக்கம் எத்தனை பேர் நகர்கிறார்கள், மூன்றாவது நிமிடத்தில் உன் கையே அடுத்த டிராக்கைத் தேடி ஓடுகிறதா என்று பார். கை ஓடினால் நடுப்பகுதி நீளம். மறுநாள் 16 பார் வெட்டு, அடுத்த வாரம் மறுபடி போடு.

முதல் தடவையே கூட்டம் கலைந்தால் பயப்பட வேண்டாம் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. சிகாகோவின் ஃபியூச்சர் குழு 303-ஐ வைத்துச் செய்த 'ஆசிட் ட்ராக்ஸ்' 1987-இல் ரெக்கார்டாக வெளிவருவதற்கு முன்பே டேப்பாக அங்கிருந்த டிஜே ரான் ஹார்டியிடம் போனது. மியூசிக் பாக்ஸ் கிளப்பில் அவர் அதைப் போட்டதும் ஆட்கள் தளத்தை விட்டுப் போனார்கள் என்று அந்தக் குழுவின் டிஜே பியர் சொல்லியிருக்கிறார். ஹார்டி அதே இரவில் மறுபடி போட்டார், மறுபடியும். நான்காவது தடவை கூட்டம் வெறிபிடித்து ஆடியதாம். நீ ஒரே இரவில் நான்கு தடவை போட்டால் மேனேஜர் என்னிடம்தான் வருவார், அதனால் வாரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள். ஒரு மாதம் ஆகியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததைச் செய்.

லேபிள் (ரெக்கார்டு கம்பெனி), வெளியீடு பற்றியும் கேட்டிருந்தாய். அவசரம் இல்லை. நேரம் வரும்போது, உன் பையில் எந்த லேபிளின் ரெக்கார்டுகள் அதிகம் இருக்கின்றனவோ அவர்களுக்கு மட்டும் அனுப்பு, ஐம்பது பேருக்கு ஒரே மெயில் வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு வெளியிடுவோம் என்பவர்களிடம் போகாதே. அடுத்தவர் பாட்டை வெட்டிச் செய்த எடிட்டை உன் செட்டில் போடுவதோடு நிறுத்து. விற்க வேண்டும் என்றால் ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, பாடலை எழுதியவரின் உரிமைக்கு ஒன்று என இரண்டு தனித்தனி அனுமதிகள் வேண்டும்.

அடுத்த முறை லூப் அனுப்பாதே. 192 பாரும் இருக்கட்டும், நடுவில் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. 24 பிட் வேவ் ஃபைலாகக் கொண்டு வா, எம்பி3 வேண்டாம். கிளப் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் சிஸ்டத்தைப் போட்டு வைக்கிறேன். முதலில் மோனோவில் கேட்போம்.

அன்புடன்,
சவுண்டு அண்ணன்