ரெஸ்யூம் எங்கே அடிபடுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறுதியாண்டுத் தேர்வு முடிவுகள் வந்து, வேலை தேடும் படலம் தொடங்கிவிட்டது. கல்விப் பக்கங்களில் 'தன்னம்பிக்கையோடு இருங்கள்', 'ஆங்கிலத்தை மெருகேற்றுங்கள்' என்ற அறிவுரைகளும் தொடங்கிவிட்டன. தப்பில்லை. ஆனால் நிறைய விண்ணப்பங்கள் தன்னம்பிக்கைக்கு வேலை இருக்கும் கட்டம்வரை போவதே இல்லை. அதற்கு முன்பே மிகச் சாதாரணமான காரணங்களுக்காகக் கழிந்துவிடுகின்றன. ஆள்தேர்வுப் பணியில் தினமும் கண்ணில் படும் அந்தக் காரணங்கள் அச்சில் அதிகம் வருவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் கோளாறு பெயரிலேயே இருக்கிறது. நமக்குப் பெயர் என்றால் ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கார்த்திக் எஸ்' என்று இருக்கும். ஆதாரில் 'கார்த்திக் சுப்பிரமணியன்'. பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயருக்கான இடத்தில் இனிஷியலை ஏற்பதில்லை என்பதால் அங்கேயும் அப்பா பெயர் விரிந்துவிடும், அதுவும் ஆங்கிலத்தில் ஓரெழுத்து கூடியோ குறைந்தோ. வேலைவாய்ப்புத் தளங்களோ 'கடைசிப் பெயர்' கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. ஒருவர் அதில் புள்ளி வைக்கிறார், இன்னொருவர் ஊர்ப் பெயரைப் போடுகிறார், வேறொருவர் தன் பெயரையே இரண்டாம் முறை அடிக்கிறார். தேர்வாகும்வரை இதனால் ஒன்றும் ஆகாது. வேலைக் கடிதம் வந்த பிறகு, சான்றிதழ் சரிபார்க்கும்போது ஒரே ஆள் மூன்று ஆளாகத் தெரிகிறார். பி.எஃப். கணக்கு ஆதாரோடு ஒத்துப்போகாமல் நிற்கிறது. சேரும் தேதி தள்ளிப்போகிறது. எனவே ரெஸ்யூமைத் திறப்பதற்கு முன் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், ஆதார், பான் நான்கையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரையும் பானையும் இப்போதே திருத்துங்கள். சான்றிதழைத் திருத்தக் கிளம்பினால் அது நீண்ட அலைச்சல். ரெஸ்யூமில் ஒரே வடிவம். 'ஆதாரில் உள்ளபடி' என்று கேட்கும் இடத்தில் மட்டும் விரிவான பெயர்.

அடுத்தது, பார்க்க அழகாக இருக்கும் ரெஸ்யூம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வண்ண மாதிரிகளில் பக்கம் இடம், வலம் என இரண்டு பத்தியாக (காலம்) பிரிந்திருக்கும். இடப்பக்கம் நீலப் பட்டை, வட்டத்துக்குள் புகைப்படம், 'பைத்தான்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஐந்தில் நான்கு நட்சத்திரம். பெரிய நிறுவனங்களில் இதை முதலில் வாங்கிப் படிப்பது மனிதரல்ல, மென்பொருள். அது கோப்பிலிருந்து எழுத்துகளை உருவி, பெயர், படிப்பு, திறன் என்று கட்டங்களில் போடும். பத்தி இரண்டாக இருந்தால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒட்டிக்கொண்டு, கல்லூரிப் பெயரின் நடுவே கைப்பேசி எண் வந்து உட்காரக்கூடும். நட்சத்திரம் வெறும் படம், அதிலிருந்து மென்பொருளுக்கு ஒன்றும் கிடைக்காது. (மனிதர் பார்த்தாலும், 'மீதி ஒரு நட்சத்திரம் எங்கே போச்சு?' என்றுதான் கேட்பார்.) வேர்டில் 'ஹெடர்' எனப்படும் தலைப்பகுதிக்குள் வைத்த எண்ணையும் மின்னஞ்சலையும் சில மென்பொருள்கள் படிக்காமலே விட்டுவிடும்.

சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பிடிஎஃப் கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்வு செய்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரிசை குலைந்திருந்தால் மென்பொருளுக்கும் குலைந்துதான் தெரியும். எழுத்தே தேர்வாகவில்லையென்றால் உங்களிடம் இருப்பது ரெஸ்யூமின் புகைப்படம். அச்சிட்டதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்களுக்கு இதுதான் நேர்கிறது. இரண்டாகப் பிரிக்காத ஒற்றைப் பத்தி, கறுப்பு எழுத்து, 10 அல்லது 11 புள்ளி அளவு, ஒரே பக்கம். வேர்டில் அடித்து அங்கிருந்தே பிடிஎஃப் ஆக்கினால் போதும். விளம்பரத்தில் உள்ள சொற்களையெல்லாம் வெள்ளை எழுத்தில் ஒளித்துவைக்கச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். உருவிய எழுத்தில் வெள்ளை, கறுப்பு என்ற பேதம் கிடையாது. குட்டு அங்கேயே உடைந்துவிடும்.

பிரவுசிங் சென்டர்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் வடிவம் இன்னொரு வகை. தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை, நிரந்தர முகவரி, கடைசியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி, கையெழுத்து. அது கல்யாணத் தரகருக்குக் கொடுக்க வேண்டிய குறிப்பு. தனியார் வேலைக்கு ஊர், கைப்பேசி எண், மின்னஞ்சல் போதும். ஆதார் எண், பான் எண், பாஸ்போர்ட் எண் எதையும் ரெஸ்யூமில் எழுதக் கூடாது. அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. 'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் உயர்வுக்குப் பாடுபடுவேன்' என்ற பொருளில் மேலே வரும் ஆங்கில வரியையும் எடுத்துவிடலாம். ஒரே வகுப்பில் அறுபது பேரிடமும் அதே வரி இருக்கிறது.

அப்படிக் கிடைத்த இடத்தைச் செய்த வேலைக்குக் கொடுக்க வேண்டும். பி.காம். முடித்தவர் 'டேலி (கணக்கு மென்பொருள்) தெரியும்' என்று எழுதுகிறார். எந்த அளவுக்குத் தெரியும்? 'ஒரு மளிகைக் கடையின் மூன்று மாதக் கொள்முதல், விற்பனை பில்களை டேலி பிரைமில் பதிந்தேன்; ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டுக்கும் தொகை எடுத்தேன்; கொள்முதலை 2பி-யோடு ஒப்பிட்டு விடுபட்ட பில்களைப் பட்டியலிட்டேன்' என்று இருந்தால் ஒரு கணக்கு அலுவலகம் அவரைக் கூப்பிடாமல் இருப்பது கடினம். எழுதியதைப் பற்றிக் கேள்வி வரும், கட்டாயம் வரும். 2ஏ-க்கும் 2பி-க்கும் என்ன வித்தியாசம் என்பார்கள். இரண்டும், விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் வாங்கியவருக்குக் காட்டும் பட்டியல்கள். விற்றவர் தாக்கல் செய்யச் செய்ய மாறிக்கொண்டே இருப்பது 2ஏ, மாதம் ஒரு முறை உருவாகி, விற்றவர் பிறகு தாக்கல் செய்தாலும் மாறாமல் நிற்பது 2பி. உள்ளீட்டு வரியை, அதாவது கொள்முதலில் கட்டிய வரியின் கழிவை, எதை வைத்து எடுப்பது என்பது இதில்தான் இருக்கிறது. உண்மையாகவே செய்தவருக்கு இது தானாக வாயில் வரும். கடை இல்லாதவர்கள் தெரிந்த கடைக்காரரிடம் பழைய பில்களைக் கேட்டு வாங்கிச் செய்து பார்க்கலாம்.

மெக்கானிக்கல் மாணவர்களின் ரெஸ்யூமில் புராஜெக்ட் தலைப்பு இரண்டு வரி நீளும், அதில் அவர் என்ன செய்தார் என்பது மட்டும் இருக்காது. நான்கு பேர் குழுவில் அவர் பங்கு வரைபடமா, பொருள் தேர்வா, வெல்டிங்கா, அளவெடுப்பா? கோவையில் பம்பு, மோட்டார் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு விண்ணப்பிப்பவர், எந்த வெர்னியர், எந்த மைக்ரோமீட்டர் பிடித்து எந்தப் பாகத்தை அளந்தார், வரைபடத்தில் கொடுத்த டாலரன்ஸ் (அளவில் அனுமதித்த ஏற்றத்தாழ்வு) எவ்வளவு, எத்தனை பாகம் தேறவில்லை என்று இரண்டு வரி எழுதட்டும். சாதாரண மெட்ரிக் மைக்ரோமீட்டரின் மிகச்சிறு அளவு 0.01 மி.மீ. என்பதைச் சொல்லத் தடுமாறுகிறவர்கள் முதல் சுற்றிலேயே நின்றுவிடுகிறார்கள். கணினி மாணவர்கள் கிட்ஹப் (நிரல்களைப் பதிந்துவைக்கும் தளம்) முகவரி கொடுக்கும்போது அங்குள்ள நிரலை எப்படி இயக்குவது என்ற குறிப்பையும் அங்கே எழுதிவைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய புராஜெக்டை ஒரே கேள்வி காட்டிக்கொடுத்துவிடும்: எந்த இடத்தில் பிழை வந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள்?

மதிப்பெண்ணில் ஒரு கணக்குப் பிழை அடிக்கடி வருகிறது. சிஜிபிஏ-யை 9.5-ஆல் பெருக்குவது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்குச் சொன்ன வழி. கல்லூரிக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் சொல்வதுதான் கணக்கு. 10-ஆல் பெருக்கச் சொல்லும் இடத்தில் 6.2 வாங்கியவருக்கு 62 சதவீதம். தவறாக 9.5-ஆல் பெருக்கினால் 58.9 ஆகி, நிறுவனம் கேட்கும் 60 சதவீத வரம்புக்குக் கீழே தானே போய் விழுகிறார். அரியர் இருந்து பிறகு தேறியிருந்தால், கேட்கும் இடத்தில் மறைக்கக் கூடாது. தேறிய மாதமும் ஆண்டும் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கின்றன. டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு என்று இரண்டு வருடம் படித்தவர்கள் அந்த இடைவெளிக்குக் கூசவும் வேண்டாம், ஆண்டை மாற்றவும் வேண்டாம். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை எந்தத் தேர்வுக்குப் படித்தோம், முதல்நிலை தேறியிருந்தால் அது, அவ்வளவே. காசு வாங்கிக்கொண்டு போலி அனுபவக் கடிதம் தரும் கன்சல்டன்சிகள் பக்கம் தலைவைக்கக் கூடாது. வேலை பார்த்ததாகச் சொல்லும் மாதங்களுக்குப் பி.எஃப். கணக்கு எங்கே என்று கேட்டால் கடிதம் காகிதமாகிவிடும்.

தேடும் முறைக்கு வருவோம். ஒரே மின்னஞ்சலில் ஐம்பது நிறுவன முகவரிகளைச் சேர்த்து, உள்ளே ஒரு வரிகூட எழுதாமல் 'ரெஸ்யூம் ஃபைனல் நியூ 2' என்ற கோப்பை இணைத்து அனுப்பினால் பதில் வராது. கோப்புக்கு உங்கள் பெயரும் பதவியும்தான் பெயர். நவ்க்ரி போன்ற தளங்களில் ஆள் தேடுபவர்கள் 'கடைசியாக எப்போது உள்ளே வந்தார்' என்று வடிகட்ட முடியும். ஒரு முறை பதிந்துவிட்டு மறந்தவர் பட்டியலின் அடியில் கிடப்பார். வாரம் ஒரு முறையாவது உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைப் புதுப்பியுங்கள். படித்து முடித்த சீனியரிடம் பரிந்துரை கேட்பதானால் 'அண்ணா, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க' என்பது அவருக்குப் பாரம். அவர் நிறுவனத்தின் தளத்தில் வேலையை நீங்களே தேடி, அதன் எண், ரெஸ்யூம், எந்தத் தகுதி பொருந்துகிறது என்று மூன்று வரி அனுப்பினால் அவர் அப்படியே உள்ளே தள்ளிவிடுவார்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பதோடு நம் மக்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். அதே அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களில் உள்ளூர் நிறுவனங்கள் நேரில் உட்காருகின்றன. அங்கே பத்துப் பிரதியோடு போகலாம். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கு உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி உண்டு. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 'அப்ரண்டிஸ்தானே' என்று ஒதுக்குகிறவர்கள், ரெஸ்யூமில் எழுத ஒரு வருட வேலையைக் கைநழுவ விடுகிறார்கள்.

பணம் கேட்டால் அது வேலை இல்லை. பதிவுக் கட்டணம், மடிக்கணினிக்கு டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று பெயர்தான் மாறும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். மணிக்கணக்கு தாமதித்தால் பணம் கை மாறிவிடும். அசல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. வெளிநாடு என்றால் முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ரூ. 30,000-மும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். சுற்றுலா விசாவில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய செய்திகளைத் தங்கள் நாளிதழும் வெளியிட்டிருக்கிறது.

அதனால் தங்களிடம் ஒரு கோரிக்கை. வரி விளம்பரப் பகுதியில் 'டிகிரி முடித்தவர் தேவை, சம்பளம் 25,000 வரை' என்று ஒரு கைப்பேசி எண்ணோடு மட்டும் வரும் விளம்பரங்களை நிறுத்துங்கள். நிறுவனத்தின் பெயர், முழு முகவரி, வேலை நடக்கும் ஊர், கட்டணம் வாங்குவார்களா இல்லையா என்ற ஒரு வரி ஆகிய நான்கும் இல்லாத வேலை விளம்பரத்தை வாங்குவதில்லை என்று விளம்பரப் பிரிவில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆள்தேர்வுப் பணியிலுள்ள வாசகர்,
கோயம்புத்தூர்.