பெண்பிள்ளையின் நோய்க்குத் தாய்வீட்டைப் பழிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு அடிபம்பின் கைப்பிடியைக் காலையில் பிடிக்க முடியாமல், விரல்கள் மடங்காமல் என் 19 வயது மகள் தவித்தபோது, இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரையும், கன்னத்தில் படர்ந்த தடிப்புக்கு வெயில்தான் காரணம் என்று களிம்பும் கொடுத்து ஓராண்டைக் கழித்துவிட்டோம். மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்தத் தடிப்பு பல நேரம் சிவப்பாகத் தெரிவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அது லூபஸ் என்னும் நோய் என்று கண்டறிவதற்குள் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, சிறுநீரில் புரதம் வெளியேறத் தொடங்கியிருந்தது. செய்தி கேட்டதும் என் நாத்தனார் கேட்ட முதல் கேள்வி, "உங்க அம்மா வீட்ல யாருக்காவது இருக்கா?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன். நோய் எதிர்ப்பாற்றல் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்கள் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் பெண்கள். லூபஸில் பத்துக்கு ஒன்பது பேர். இதற்கான காரணங்களுள் ஒன்று, மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் ஒன்றான எக்ஸ். பெண்ணுக்கு உள்ள இரண்டில் ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஒவ்வோர் உயிரணுவிலும் இவற்றில் ஒன்றை 'எக்ஸிஸ்ட்' என்னும் ஆர்.என்.ஏ. மூலக்கூறு செயல்படாமல் அடக்கி வைக்கிறது. அந்த ஆர்.என்.ஏ.வோடு சேரும் புரதங்களையே எதிர்ப்பாற்றல் பகையாக எண்ணித் தாக்கக்கூடும் என்பதை, இயல்பில் அந்த ஆர்.என்.ஏ. உருவாகாத ஆண் எலிகளில் அதை உருவாகச் செய்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024இல் காட்டினார்கள். அங்கும் நோய்க்கு ஏதுவான எலி இனமும் வெளியிலிருந்து ஒரு தூண்டுதலும் தேவைப்பட்டன. இந்த அடக்கத்துக்கு முழுவதும் கட்டுப்படாத மரபணுக்களும் எக்ஸில் உண்டு. அவற்றுள் ஒன்றான டி.எல்.ஆர்.7இல் ஏற்பட்ட ஒரேயொரு மாற்றம் ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்திக்கு லூபஸைக் கொண்டுவந்தது என 2022இல் தெரியவந்தது. இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யுமாகப் பிறக்கும் ஆண்களுக்குக்கூட லூபஸ் வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பெண்களுக்கு நிகராக உயர்கிறது.

எக்ஸ் அல்லாத குரோமோசோம்களிலும் இந்நோய்க்கு ஏதுவான மரபணுக்கள் பல உள்ளன. அவையும் இருவழியாகவும் வருபவையே. ஒரே உருவ இரட்டையரில் ஒருத்திக்கு லூபஸ் வந்தால்கூட மற்றவளுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. அப்படியிருக்க, தாய்வீட்டு இரத்தத்தை மட்டும் குற்றம் சொல்வது எந்த விதத்தில் நியாயம்? இந்தப் பேச்சுக்கு அஞ்சி, வரன் தட்டிப்போகும் என்று பெண்ணின் மருந்துச் சீட்டையே மறைக்கும் குடும்பங்களை எங்கள் பகுதியில் பார்க்கிறேன். மறைத்து, மருந்தையும் நிறுத்தினால் பாழாவது அவளுடைய சிறுநீரகம்.

காலையில் மூட்டு இறுக்கம், வாய்ப்புண், முடி உதிர்தல், விடாத சோர்வு என்று வரும் இளம்பெண்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையையும், தேவையெனில் லூபஸைக் கண்டறிய உதவும் ஏ.என்.ஏ. இரத்தப் பரிசோதனையையும் தாமதமின்றிச் செய்ய, வடசென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழி செய்யுமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்திலும் இதை விரிவாக எழுதச் செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
தண்டையார்பேட்டை, சென்னை.