என்னோடு சேர்ந்து மூச்சைப் பிடித்த தம்பிக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று மாலை வீடு வந்து சேர்ந்தேன். சிறுநீரகம் அடிபட்டுப் படுக்கையில் கிடந்த இந்த ஏழு வாரமும் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத இப்போது தெம்பில்லை. டயாலிசிஸ் நின்று மூன்று வாரமாகிறது, சிறுநீரகம் வடிக்க வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் இறங்கிக்கொண்டே வருகிறது. அதுவரை சொன்னால் போதும்.

ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, ரத்தம் கொடுக்க வரிசையில் வந்து நின்றவர்கள், டயாலிசிஸ் பிரிவின் சிஸ்டர்கள், சிறுநீர் எத்தனை மில்லி போனது என்று தினமும் போனில் கேட்டுக் குறித்துவைத்த என் மைத்துனி, அலுவலகத்தில் என் வேலையையும் சேர்த்துச் சுமந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன். ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

போன வாரம் ஒரு ஆராய்ச்சிக்குச் சம்மதித்தேன். அடிபட்ட சிறுநீரகத்துக்குள் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. வைத்துப் பார்க்கிறார்கள். சாய ஊசி வேண்டியதில்லை என்றதும்தான் எனக்குத் தைரியம் வந்தது. படம் எடுப்பவர் ஒரு சின்ன வயதுத் தம்பி. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். இவர்கள் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு அப்படியே நிறுத்தச் சொன்னார்கள். மூச்சை இழுத்து விடும்போது சிறுநீரகமும் ஓரிரு சென்டிமீட்டர் மேலும் கீழும் போகுமாம். விட்டு நிறுத்தினால்தான் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து நிற்குமாம். 15 வினாடி போதும் என்றார்கள். படுக்கையிலேயே கிடந்த உடம்புக்கு அந்த 15 வினாடி ஒரு மலை.

ஹெட்போனில் பதிவுசெய்த குரல் ஒன்று "மூச்சை விடுங்கள், நிறுத்துங்கள்" என்றது. முதல் தடவை 9 எண்ணுவதற்குள் திணறிவிட்டேன். இரண்டாவது தடவையும் அப்படித்தான். படம் கலங்கிப்போனது. அந்தத் தம்பி "முடியவில்லை" என்று எழுதிவிட்டு என்னை அனுப்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், நானும்தான். ஆனால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். என் வயிற்றின் மேல் கட்டியிருந்த பட்டையைச் சற்றுத் தளர்த்தினார். அப்புறம் சொன்னார்: "அம்மா, அந்த மெஷின் குரலை நிறுத்திட்டேன். இனிமே நானே சொல்றேன். உங்ககூட நானும் மூச்சை விட்டு நிறுத்தறேன். நான் திரும்ப இழுக்கும்போது நீங்களும் இழுத்துக்கலாம்."

அப்படியே செய்தார். அவர் மூச்சு விடுவது ஹெட்போனில் கேட்டது. பிறகு அந்த டக்டக் சத்தம். முடிந்ததும் "இழுங்கம்மா" என்றார். அந்தக் குரலுக்கும் மூச்சு வாங்கியது. உண்மையாகவே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! அதற்குப் பிறகு அன்று எட்டுத் தடவை. எட்டுத் தடவையும் சேர்ந்தே பிடித்தோம். ஏழு வாரமாக என் உடம்பை எத்தனையோ பேர் அக்கறையோடு பார்த்துக்கொண்டார்கள். நான் படுவதைத் தானும் கொஞ்சம் பட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

படங்களைப் பிறகு ஆராய்ச்சி மருத்துவர் காட்டினார். குத்தாமல் கீறாமல் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் எப்படித் தெரியும் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின்; ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினைக் காந்தம் லேசாக ஈர்க்கும், ஆக்சிஜன் ஏறியதை ஈர்க்காது. இது 1936இலேயே வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் கண்டது. 1990இல் விஞ்ஞானி செய்ஜி ஒகாவா அதை வைத்து எலியின் மூளையைப் படம்பிடித்தார். 1996இல் பிரசாத் என்பவரின் குழு மனிதச் சிறுநீரகத்தில் செய்து காட்டியது. ஆக்சிஜனையே நேராக அளப்பதில்லை, அதை இழந்த ரத்தம் காந்தப்புலத்தில் உண்டாக்கும் கலக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். ரத்தசோகை, உடம்பில் உள்ள நீர் எல்லாமே கணக்கை மாற்றும் என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சிறுநீரகத்துக்குத்தான் போகிறதாம். அதில் பெரும்பகுதி வெளிப்புறப் புறணியோடு நின்றுவிடுகிறது. உள்ளே அகணிக்குப் போவது கொஞ்சம்தான். ஆனால் உப்பை மீட்டெடுக்கும் கடுமையான வேலை அங்குள்ள நுண்குழாய்களில்தான் நடக்கிறது. நல்ல சிறுநீரகத்திலேயே அகணியின் ஆக்சிஜன் அழுத்தம் 10 முதல் 20 மி.மீ. பாதரசம்தான், புறணியில் 50க்குப் பக்கம். எப்போதும் விளிம்பில் நின்று உழைக்கிற இடம். அதனால்தான் ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் அங்கே அடிவிழுகிறது. வலியும் இல்லை, கிரியேட்டினினும் தாமதமாகத்தான் ஏறுகிறது. எனக்கு நடந்ததும் அதுதான் என்று அந்த வண்ணப்படத்தின் முன்னால் நின்றபோதுதான் புரிந்தது.

அவர்கள் வைத்திருந்த வண்ணக் கணக்கில் சிவப்பு என்றால் ஆக்சிஜன் குறைவு. என் அகணி சிவந்திருந்தது. பிறகு சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு ஊசி போட்டுக் கால் மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் சிவப்பு தணிந்து பச்சை கலந்திருந்தது. அந்த மருந்து உப்பை மீட்கும் வேலையை நிறுத்திவைக்கிறது, வேலை குறைந்தால் ஆக்சிஜன் செலவும் குறைகிறது. "முதல்ல வேலை நடந்துட்டிருந்தாதானே நிறுத்த முடியும்? செத்துப்போன குழாயா இருந்தா நிறம் மாறியிருக்காது" என்றார் அந்த மருத்துவர். சிகிச்சையை இதை வைத்து முடிவுசெய்வதில்லை, இது ஆராய்ச்சிக்குத்தான் என்று உடனே சேர்த்துச் சொன்னார். சரி. ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் உள்ளே ஏதோ உழைத்துக்கொண்டிருக்கிறது என்று ஏழு வாரத்தில் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அந்தப் படம் தெளிவாக விழுந்ததற்குக் காரணம் நீங்கள்தான், தம்பி. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனபோது நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடம் எடுக்க வேண்டுமாம். கட்டாயம் வருவேன். அடிபட்ட சிறுநீரகங்களில் எது தேறும், எது நாளடைவில் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள அவர்கள் முயல்கிறார்கள். அதற்கு இரண்டாவது படமும் வேண்டும். தினமும் காலையில் படுத்தபடியே மூச்சை விட்டு நிறுத்திப் பழகுகிறேன். இன்று 13 வரை எண்ண முடிந்தது.

நன்றியுடன்,
உங்கள் எட்டுப் படங்களுக்கும் படுத்திருந்த அம்மா